ஒரு கவளத்துக்கு நாற்பது

ஏழு, எட்டு, ஒன்பது. சோறு இன்னும் சோறாகத்தான் இருக்கிறது. கைக்குத்தல் அரிசி அவ்வளவு சுலபத்தில் மசியாது. நாற்பது முறை மென்றால்தான் அது கூழாகி நாக்குக்கு அடியில் இனிக்கும். அதுவரை விழுங்கக் கூடாது, வாயில் கவளம் இருக்கிற வரை பேசக் கூடாது. இந்தச் சட்டத்தை இந்த வீட்டுக்குள் கொண்டுவந்த புண்ணியவான் நான்தான். எட்டு மாதமாக நானும் வசந்தாமணியும் எதிரெதிரே உட்கார்ந்து, தொழுவத்தில் கட்டிய இரண்டு மாடுகள் மாதிரி, ஒரு வார்த்தை இல்லாமல் மென்றுகொண்டிருக்கிறோம். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் நாங்கள் இவ்வளவு ஒற்றுமையாக எதையும் செய்ததில்லை. இன்றைக்குப் பார்த்து எனக்குச் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. பன்னிரண்டா, பதின்மூன்றா? விட்டுப்போயிற்று. பத்திலிருந்து திரும்ப எண்ணுகிறேன். எனக்கு வியாதி இல்லை. ஒன்றும் இல்லை. காலையில் பதினொரு மணிக்கு டாக்டரம்மா சொன்னார், இப்போது மணி ஒன்றேகால். இரண்டேகால் மணி நேரமாக அதையும் விழுங்காமல் துப்பாமல் வாய்க்குள்ளேயே வைத்திருக்கிறேன். பஸ்ஸில் வடவள்ளி வரைக்கும் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் எழுந்து முன் சீட்டுக்குப் போய்விட்டாள். போகட்டும். எனக்கு ஒன்றும் இல்லை. பதினேழு, பதினெட்டு.

மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு புதன்கிழமை காலை, வாசலில் நின்று பேப்பரை மடிக்கும்போது என் உள்ளங்கை வெயிலில் தெரிந்தது. மஞ்சளாக இருந்தது. சமையல் மஞ்சள் ஒட்டியிருக்கும் என்று நினைத்தேன், சமையல் இப்போது என் கையில்தானே. சோப்பு போட்டேன். புளி தேய்த்தேன். கல் உப்பு வைத்துத் தேய்த்தேன். தோல் எரிந்தது, மஞ்சள் அசையவில்லை. சாயங்காலம் கட்டிலில் உட்கார்ந்து காலைத் தூக்கிப் பார்த்தால் பாதமும் அதே நிறம். அன்றிலிருந்து இந்தக் கையை நான் ஒளித்த ஒளிப்பு இருக்கிறதே. பேசும்போது கையை மூடிக்கொள்வேன். கஞ்சி டம்ளரைப் புறங்கையால் வாங்க முடியுமா என்றுகூடப் பார்த்தேன். தெருவில் யாரைக் கண்டாலும் கும்பிட்டேன், கும்பிட்டால் உள்ளங்கை வெளியே தெரியாது. எதிர்வீட்டு வாத்தியார், ஏனுங்க சென்னியப்பன், எலக்சன்ல நிக்கறீங்களா என்று கேட்டுவிட்டார். வசந்தாமணியிடம் சொல்லவில்லை. அவள் முகத்தை நேராகப் பார்ப்பதையும் விட்டுவிட்டேன், நான் பார்த்தால் அவளும் பார்ப்பாள், என் கண்ணில் என்ன நிறம் இருக்கிறதோ யார் கண்டது. கண்ணாடியில் பார்க்கவும் தைரியம் வரவில்லை. முகச்சவரம்கூடத் தடவிப் பார்த்தே செய்தேன், தாடையில் இரண்டு வெட்டு. முப்பது, முப்பத்தொன்று. பயந்தாங்கொள்ளி என்றால் சாதாரண பயந்தாங்கொள்ளி இல்லை நான். முப்பத்திரண்டு வருஷம் டிரைவிங் ஸ்கூலில் இடதுபக்க சீட்டில் உட்கார்ந்து பாடம் சொன்னவன். அந்த சீட்டுக்கு முன்னாலும் ஒரு பிரேக் உண்டு. வண்டியை ஓட்டுவது இன்னொருத்தர், பயப்படுவது மட்டும் நான். எத்தனை பேரைக் காப்பாற்றியிருக்கிறது அந்தப் பயம். ஆனால் தொழிலை விட்டு மூன்று வருஷம் ஆகியும் காலுக்கு அது தெரியவில்லை, எது வந்தாலும் முதலில் பிரேக்கைத் தேடுகிறது.

முதல் கவளம் முடிந்தது. முப்பத்தாறிலேயே விழுங்கிவிட்டேன், பரவாயில்லை. இப்போது சொல்லலாம், வாய் காலியாக இருக்கிறது. ஆனால் அவள் வாயில் கவளம் இருக்கிறது. அவள் தலையைக் குனிந்துகொண்டு ஒழுங்காக மென்றுகொண்டிருக்கிறாள், என்னைவிட நேர்மையாக எண்ணுகிறவள். சரி, அவள் முடிப்பதற்குள் நான் இரண்டாவதை எடுத்தேன். ஒன்று, இரண்டு. தட்டில் கைக்குத்தல் சோறு, அரசாணிக்காய்க் கூட்டு, கேரட் பொரியல், எள்ளுப்பொடி, ஓரத்தில் நறுக்கிய பப்பாளி. சமையலறைச் சுவரில் நான் ஒட்டிவைத்திருக்கிற அட்டவணைப்படி புதன்கிழமைச் சாப்பாடு. நான் வெளியே போனதால் இன்று அவள் சமைத்தாள், அட்டவணையில் ஒரு எழுத்து மாறாமல். அரசாணிக்காயை மற்ற ஊர்க்காரர்கள் பரங்கிக்காய் என்பார்கள், மஞ்சள் பூசணி என்பார்கள். பேரில் என்ன இருக்கிறது, குற்றவாளி அதுதான். அதுவும் கேரட்டும் பப்பாளியும். மூன்று பேரும் கூட்டுச் சேர்ந்துகொண்டு என்னை இருபத்தொரு நாள் சாகடித்திருக்கிறார்கள். இந்தத் தட்டைப் பார்த்தால் கோபம் வரவேண்டும், சிரிப்பு வருகிறது. மெல்லும்போது சிரித்தால் புரையேறும்.

என் கூடப்பிறந்த குழந்தைவேல் அண்ணனுக்கு முதலில் கண்தான் மஞ்சளானது. போன வருஷம் ஆடி மாதம். கண்ணை யாரும் பார்க்கக் கூடாது என்று கறுப்புக் கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டான், அறுபத்தொரு வயதில். நாங்களெல்லாம் கேலி செய்தோம், அண்ணனுக்கு மாப்பிள்ளைக் களை வந்துவிட்டது என்று நானே சொன்னேன். அவனும் சிரித்தான். மஞ்சள் காமாலை என்று நாட்டு மருந்து சாப்பிட்டு ஒரு மாதம் போனது. கணையத்தில் கட்டி என்று தெரிந்தபோது வைத்தியம் செய்ய இடமில்லை. டிரைவிங் ஸ்கூல் காரை இரவல் வாங்கி நான்தான் அவனை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் ஓட்டினேன். நான் வலது சீட்டில், அவன் இடது சீட்டில், என் பழைய இடத்தில். ஒவ்வொரு சிக்னல் வரும்போதும் நான் மிதிப்பதற்கு முன்னாலேயே அவன் கால் அந்த இரண்டாவது பிரேக்கை மெதுவாக மிதித்தது. வண்டி குலுங்கும். வேறு யாராவது மிதித்திருந்தால் திட்டியிருப்பேன். அவனால் அந்த நாலு மாதத்தில் நிறுத்த முடிந்தது அந்தக் கார் ஒன்றைத்தான். இருபதா, இருபத்திரண்டா. அண்ணன் நினைவு வந்தால் எண்ணிக்கை மனதில் நிற்பதில்லை. கார்த்திகையில் போய்ச்சேர்ந்தான். அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் போயிற்று. ராத்திரியெல்லாம் வயிற்றை அமுக்கி அமுக்கிப் பார்ப்பேன். வசந்தாமணி விழித்துக்கொண்டு, என்னங்க என்பாள். வாயு என்பேன்.

அந்த நிலைமையில்தான் மேக்ரோபயாடிக் என்கிற உணவு வைத்திய வகுப்புக்குப் போனேன். ஒரு கல்யாண மண்டபத்தில் நாலு ஞாயிற்றுக்கிழமை. முழு தானியம், பட்டை தீட்டாத அரிசி, உருண்டையான காய்கள், இனிப்புக் காய்களை வேகவைத்த சாறு, நாற்பது முறை மெல்லுதல், பேசாமல் சாப்பிடுதல். உருண்டைக் காய் கணையத்துக்கு நல்லது என்று வகுப்பு எடுத்த அம்மா சொன்னதும் நான் நோட்டில் இரண்டு கோடு போட்டேன். மற்றவர்கள் கேட்டுவிட்டுப் போனார்கள், நான் வீட்டுக்கு வந்து ஆட்சியைப் பிடித்தேன். வெள்ளையெல்லாம் விஷம் என்று அறிவித்தேன். வெள்ளை அரிசி, வெள்ளைச் சர்க்கரை, மைதா, பொடி உப்பு, பால் என்று வெள்ளையாக இருந்த அத்தனையும் ஒரே நாளில் வெளியே போயிற்று. வசந்தாமணி இட்லி மாவுப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அதையும் கொண்டுபோய் எதிர்வீட்டில் கொடுத்துவிட்டாள். முப்பது வருஷமாக அவள் நின்ற அடுப்படியில் நான் போய் நின்றேன். அவள் கொத்துமல்லி ஆய்ந்து கொடுக்கிற ஆளானாள். ஒரு சண்டை போட்டிருக்கலாம், போடவில்லை. அவள் அண்ணன் வந்தபோது, மச்சான் என்ன இப்படி ஆகிவிட்டார் என்று கேட்டான். நல்லதுக்குத்தானே அண்ணா என்றாளாம். எனக்கு நல்லதாகத்தான் இருந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். வெந்தயம் ஊறவைக்கவும் கம்பை முளைகட்டவும் எள்ளை வறுக்கவும் பொழுது சரியாக இருந்தது. வறுத்த எள்ளின் வாசனை கையில் இருக்க, படுத்தவுடன் தூங்கினேன். வயிற்றை அமுக்கிப் பார்க்க மறந்துபோனது. சர்க்கரை அளவு இறங்கியது, முட்டிவலி குறைந்தது. கேரட் நல்லது என்றால் இரண்டு போதும் என்று மற்றவர்கள் நிறுத்துவார்கள். நான் ஆறு போட்டேன்.

மூன்றாவது கவளம். இவள் இன்னும் நிமிரவில்லை. எப்படி ஆரம்பிப்பது? தினை வாங்கப் போகிறேன் என்று காலையில் பொய் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். தினை வாங்கவில்லை. அவள் தினை எங்கே என்று கேட்கவும் இல்லை, அதுவே கொஞ்சம் ஆச்சரியம்தான். எனக்கு ஒரு மகள் இருந்திருந்தால் அந்த டாக்டரம்மா வயசுதான் இருக்கும். நேற்றே ரத்தம் எடுத்துக் கொடுத்திருந்தேன், நடைப்பயிற்சி என்று சொல்லிவிட்டு. பொய் எவ்வளவு வரிசையாக வருகிறது. முடிவுத்தாள் மேசையில் கவிழ்ந்து கிடந்தது. அந்தம்மா அதை உடனே திருப்பவில்லை, கையைக் காட்டுங்க என்றார். மூன்று வாரம் மூடி வைத்திருந்த கையை விரித்தேன். மூக்கு ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். ஜன்னல் பக்கம் திரும்பச் சொல்லி, என் கீழிமையை இழுத்துவிட்டு, மேலே பாருங்க, கீழே பாருங்க என்றார். அந்த நேரம் எனக்குத் தெரிந்தது ஜன்னல் கம்பியும் அதற்கு அப்பால் ஒரு தண்ணீர்த் தொட்டியும் மட்டும்தான். தொட்டி மேல் ஒரு காக்கா. அந்தக் காக்கா பறப்பதற்குள் இந்தம்மா ஏதாவது சொல்லிவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். யாரிடம் வேண்டினேன் என்று தெரியவில்லை. "கண்ணு வெள்ளையா இருக்கே," என்றார். "காமாலைன்னா கண்ணுதான் முதல்ல மஞ்சளாகும். நீங்க என்ன சாப்பிடறீங்க?" நான் பெருமையாக அட்டவணையை ஒப்பித்தேன், எந்தத் தேர்விலும் அப்படி ஒப்பித்ததில்லை. காலையில் அரசாணிக்காய், கேரட் சாறு. மத்தியானம் அரசாணிக்காய், கேரட், பப்பாளி. ராத்திரி அரசாணிக்காய்க் கஞ்சி. அந்தம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அந்தக் காய்களில் இருக்கிற நிறம்தான் தோலில் போய்ப் படிந்திருக்கிறதாம், கல்லீரலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையாம். தாளைத் திருப்பிக் காட்டினார், எல்லா எண்ணும் அதனதன் இடத்தில் இருந்தது. தானியத்தையெல்லாம் தாராளமாகச் சாப்பிடுங்க, காயை மட்டும் மாற்றி மாற்றிச் சாப்பிடுங்க, மூன்று நாலு மாதத்தில் தானாகப் போய்விடும் என்றார். நான் எழுந்து கும்பிட்டேன். இந்தத் தடவை ஒளிப்பதற்காக இல்லை.

பதினான்கு, பதினைந்து. ஆனால் சரியாகப் பார்த்திருப்பாரா? சிரித்துக்கொண்டே பார்த்தாரே. சின்ன வயசு. ரத்தம் எடுத்த இடத்தில் பேர் மாறியிருந்தால்? சென்னியப்பன் என்ற பேரில் இந்த ஊரில் நான் ஒருவன்தானா? சட்டைப்பையில் தாள் இருக்கிறது, தொட்டுப் பார்க்கிறேன், சரசரக்கிறது. வயசு அறுபது, ஆண், வடவள்ளி. நான்தான். கண் வெள்ளையாக இருக்கிறது என்று அவர் தாளைப் பார்த்துச் சொல்லவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னார். வந்ததும் நானே குளியலறைக் கண்ணாடியில் இமையை இழுத்துப் பார்த்தேன். வெள்ளை. என் கண் இவ்வளவு அழகாக இருந்து நான் பார்த்ததில்லை. கால் மறுபடி பிரேக்கைத் தேடுகிறது, அங்கே பிரேக் இல்லை, தரைதான் இருக்கிறது, குளிர்ச்சியாக இருக்கிறது. காலை நன்றாகப் பரப்பி வைத்துக்கொள்கிறேன். எவ்வளவு நாளாயிற்று இப்படிக் காலைப் பரப்பி உட்கார்ந்து. அண்ணா, எனக்கு இல்லையாம். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் எனக்கு சந்தோஷமாக இருக்கிறது.

இவளிடம் சொல்ல ஏன் இவ்வளவு தயக்கம் என்றால், உண்மையைச் சொல்லிவிடுகிறேன், மானப் பிரச்சினை. வெள்ளையெல்லாம் விஷம் என்று மண்டபத்தில் பேசுகிற மாதிரி வீட்டில் பேசியவன், மஞ்சளில் மாட்டிக்கொண்டேன் என்று எந்த வாயால் சொல்வது? இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். நாளையிலிருந்து அரசாணிக்காய் ஏன் இல்லை என்று கேட்டால் இன்னொரு பொய்க்கு எங்கே போவேன். அவள் சிரிக்கட்டும். நானும் அவளைக் கொஞ்சமா கேலி செய்தேன், இந்த மருதாணிக்காக? மூன்று வெள்ளிக்கிழமையாக எதிர்வீட்டுச் செடியில் பறித்து அரைத்து, கை நிறையப் பூசிக்கொள்கிறாள். புள்ளி, கோலம் ஒன்றும் கிடையாது, சுவருக்குச் சாந்து பூசுகிற மாதிரி உள்ளங்கை முழுக்க. பாதத்துக்கும் அப்படியே. ஐம்பத்தைந்து வயசில் யாருக்குக் கல்யாணம் என்று கேட்டேன். உடம்புச் சூட்டுக்கு நல்லதுங்க என்றாள். பாரேன், என் வகுப்பு இவளையும் தொற்றிக்கொண்டது, இவளும் இயற்கை வைத்தியம் பேச ஆரம்பித்துவிட்டாள் என்று உள்ளூர எனக்குப் பெருமை. இருபத்தேழு. இப்போது கையில் மருதாணி வெளுத்திருக்கிறது, விரல் நுனியில் மட்டும் சிவப்பு. காலையில் செடியில் இலை தீர்ந்துவிட்டது என்று எதிர்வீட்டம்மா சொன்னதாகச் சொன்னாள். அதற்குப் போய் முகம் அப்படி வாடியிருந்தது. இவள் இன்னும் அந்தக் கவளத்தை விழுங்கவில்லை. எண்ணுகிறாளா, வேறு ஏதாவது நினைக்கிறாளா. நான் நாலாவதை வாயில் போட்டேன். இது முடிந்ததும் சொல்லிவிட வேண்டியதுதான். ஒன்று, இரண்டு, மூன்று.

"ஏனுங்க," என்றாள் வசந்தாமணி. "ஒண்ணு சொல்லோணும்."

வாயில் சோற்றோடு. எட்டு மாதத்தில் முதல் தடவை. எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை, சட்டம்தான் தோன்றியது. பேசாதே என்று சொல்வதற்கு எங்களுக்குள் ஒரு ஜாடை உண்டு, வகுப்பில் அந்த அம்மா காட்டுகிற ஜாடை, கையை உயர்த்தி உள்ளங்கையைக் காட்டுவது. மூன்று வாரமாக அதைச் செய்யாமல் ஜாக்கிரதையாகத் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தேன். இன்று வியாதி இல்லாத தைரியத்தில் இடது கை தானாக உயர்ந்துவிட்டது. நேராக அவள் முகத்துக்கு முன்னால், ஜன்னல் வெளிச்சம் விழ, விரித்த கை.

அவள் மெல்லுவதை நிறுத்தினாள். என் கையையே பார்த்தாள்.

"உங்களுக்குமா?" என்றாள்.

அந்த ஒரு வார்த்தை என் காதுக்குள் போய், அங்கிருந்து கீழே இறங்க நேரம் எடுத்தது. பிறகு அவள் தன் இடது கையை மேசை மேல் மெதுவாக மல்லாத்தி வைத்தாள். வெளுத்த மருதாணிக்கு அடியில், ரேகைகளின் ஓரத்தில், விரல்களின் இடுக்கில், என் கையில் இருந்த அதே மஞ்சள். ஒரே அடுப்பு, ஒரே சட்டி, ஒரே அட்டவணை. இது எனக்கு ஏன் தோன்றாமல் போயிற்று? ஆறு கேரட்டை நான் மட்டுமா தின்றேன்? இருபத்தொரு நாளும் நான் மூடிய கையோடு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன், அவள் பூசிய கையோடு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். அவளும் குழந்தைவேல் அண்ணனுக்குக் கஞ்சி கரைத்துக் கொடுத்தவள்தான். மஞ்சள் எங்கே கொண்டுபோய் விடும் என்று அவளுக்கும் தெரியும். அண்ணன் கறுப்புக் கண்ணாடி போட்டான், இவள் மருதாணி பூசினாள், இரண்டு பேரையும் நான்தான் கேலி செய்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் சோற்றைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு பேசினாள். "சொன்னா சாப்பாட்டு மேல சந்தேகம் வந்துரும், நீங்க எல்லாத்தையும் போட்டுட்டு மறுக்கா பழையபடி வயித்த அமுக்கிட்டு ராத்திரியெல்லாம் உக்காந்திருப்பீங்க. அந்த அடுப்படிக்குள்ள போனதுக்கப்பறந்தானுங்க நீங்க தூங்குனீங்க. எனக்கு வந்தது வந்துட்டுப் போகுது, நீங்க தூங்கறீங்களேன்னு இருந்துட்டேன். இன்னைக்கு இலையும் கெடைக்கல, இனி மறைக்க முடியாது, நாளைக்கு ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லலாம்னுதான் வாயத் தொறந்தேன்." என் கையை மறுபடி பார்த்தாள். "இப்ப உங்களுக்கும்னா நான் என்னங்க பண்ணுவேன்?"

நான் எழுந்தேன். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "ஒண்ணுமில்ல வசந்தா. கேரட்டு. கேரட்டும் அரசாணிக்காயும். வேற ஒரு எழவும் இல்ல," என்றேன். அவள் நம்பவில்லை. தாளை எடுத்து மேசையில் வைத்தேன், அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை, என்னையே பார்த்தாள். அவளைச் சமாதானப்படுத்த நான் பொய் சொல்லுவேன் என்று அவளுக்குத் தெரியும், முப்பத்தொரு வருஷப் பழக்கம். அதனால் அவளைத் தோளைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினேன். எச்சில் கையை வேட்டியில் துடைத்துவிட்டு, டாக்டரம்மா செய்த மாதிரியே அவள் கீழிமையைக் கட்டைவிரலால் இழுத்துப் பிடித்தேன். மேலே பாரு என்றேன், பார்த்தாள். கீழே பாரு என்றேன், பார்த்தாள். கண்ணீர் ததும்பி நின்றதால் சரியாகத் தெரியவில்லை, துடைத்துவிட்டு மறுபடி இழுத்தேன். மூன்று வாரமாக நான் பார்க்காமல் விட்ட கண். அதற்கு முந்தி எவ்வளவு நாளாக இப்படிக் கிட்டத்தில் பார்க்கவில்லை என்று தெரியவில்லை. ஓரத்தில் மெல்லிய சிவப்பு நரம்பு ஒன்று, இமைக்குள் ஒட்டிய ஒற்றை முடி, அவ்வளவுதான். இடது கண், வலது கண், திரும்ப இடது கண்.

"வெள்ளையா இருக்குது," என்றேன். "சுத்தமா, வெள்ளையா இருக்குது, புள்ளே."

என் வாயில் பாதி மென்ற சோறு அப்படியே இருந்தது.